சமையற்கட்டுக்குப் பின்னால் வந்து நின்ற புயல்

பேராமைத் தீவின் வடக்கு முனையில், மூன்று பக்கமும் அலையடிக்கிற ஒரு மேட்டில், அரசாங்கம் கட்டி வெள்ளையடித்து விட்ட வானிலை நிலையம் ஒன்று இருந்தது. தெற்கு முனையில் முப்பத்தொரு வீடும் ஒரு மாதா கோயிலும் இருந்தன. நடுவில் ஒன்றரை மைலுக்கு மணலும் உடைமரமும், யாருடையவை என்று யாருக்கும் தெரியாத ஆடுகளும் இருந்தன. ஊர்க்காரர்கள் அந்த நிலையத்தைக் காத்தாபீஸ் என்றார்கள். மூன்று பேர் வேலை பார்க்க வேண்டிய காத்தாபீஸில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி செண்பகவல்லி, கோவில்பட்டிப் பக்கம் வரகம்பட்டியில் பிறந்தவள், நாற்பத்திரண்டு வயது, ஒரு புள்ளியைக்கூடக் கண்ணால் பார்க்காமல் ரெஜிஸ்டரில் எழுதாதவள். இன்னொருவர் கஸ்பார், அந்தத் தீவுக்காரர், சமையலும் காவலும் அவர் வேலை, பேச்சு அவர் தொழில்.

விடிகாலை ஐந்தரைக்குச் செண்பகவல்லி முற்றத்தில் நாலு கால் வைத்து நிற்கிற வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்ப்பாள். எட்டரைக்கு மழைமானியில் ஆடு வாய் வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மழை அளப்பாள். பதினொன்றரைக்கு மேகத்தை எண்ணுவாள். இரண்டரைக்கு வாளி இறக்கிக் கடல்நீரின் சூடு பார்ப்பாள். மாலை ஐந்தரைக்கு எல்லாவற்றையும் எண்களாக்கித் தலைமை ஆபீஸுக்குச் சொல்வாள். இடையில் கஸ்பார் ஐந்து முறை பால் விடாத கட்டஞ்சாயா கொடுப்பார். செவ்வாயும் வெள்ளியும் கரையிலிருந்து தண்ணீர்ப் படகு வரும்; வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம். தீவில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். நாலு வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருடம் கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் ஒரு புயல் பிறந்தது. அதற்கு ஏதோ ஒரு நாடு வைத்த பெயர் கரையில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. துறைமுகங்களில் பத்தாம் நம்பர் கூண்டு ஏறியது. கரையோரத்தில் மூன்று லட்சம் பேர் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் போய்ப் படுத்தார்கள். பேராமைத் தீவின் முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் கோழி, ஆடு, மாதா சொரூபம் சகிதம் காத்தாபீஸின் கான்கிரீட் கட்டடத்துக்குள் வந்து அடைந்தார்கள். பெண்கள் ஜெபமாலை உருட்டினார்கள். கித்தேரியம்மாள் மட்டும் சுவரில் முதுகை வைத்து, ஜெபமாலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு புயலில்தான் அவள் புருஷன் தொம்மை வள்ளத்தோடு போனான். பலகைத் துண்டுகூடத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு கருவாடு போட்டுத் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டவள் அவள்; தீவில் எல்லாரும் அவளுக்குக் கொஞ்சம் பயப்படுவார்கள்.

காலை எட்டரைக்குக் காற்றழுத்தம் செண்பகவல்லி இதுவரை எழுதியிராத எண்ணுக்கு இறங்கியது. கூரையில் கடல் வந்து விழுந்தது. பத்தே முக்காலுக்கு, யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல, எல்லாம் நின்றது. வெயில் வந்தது. கோழிகள் வெளியே போய் மேய ஆரம்பித்தன.

தொலைபேசி அடித்தது. தலைமை ஆபீஸிலிருந்து ராகவேந்திரன் சார்.

"செண்பகவல்லி, புயல் எங்கம்மா? இங்க சாட்டிலைட் படத்துல வெறும் கடல்தான் இருக்கு."

அவள் பதில் சொல்லுமுன் கஸ்பார் வாசலில் வந்து நின்றார். அவர் கையில் கரண்டி இருந்தது.

"யம்மா, கொஞ்சம் பின்னால வந்து பாருங்க. ஒண்ணு வந்து நிக்குது."

சமையற்கட்டுக்குப் பின்னால், துவைகல்லுக்கும் பப்பாளி மரத்துக்கும் நடுவில், புயல் நின்றுகொண்டிருந்தது. இடுப்பு உயரம். வண்டிச் சக்கரம் அளவு அகலம். சாம்பல் நிற மேகக் கைகளை ஒன்றன்பின் ஒன்றாக வீசிக்கொண்டு, ஓடிவந்த நாய்போல இரைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் அண்டா வாய் அகலத்துக்குக் கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணுக்குள் வெயில் அடித்தது. ஒரு தும்பி அசையாமல் மணலில் உட்கார்ந்திருந்தது.

செண்பகவல்லி உள்ளே போய்க் காற்றுமானியை எடுத்து வந்து ஒரு கழியில் கட்டி நீட்டினாள். மணிக்கு நூற்றிருபத்தாறு கிலோமீட்டர். ஒரு சாண் பின்னால் இழுத்தாள். ஒன்றுமில்லை. அது இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறதா என்று பார்த்தாள்; நம் பக்கத்துப் புயல்கள் இடப்பக்கமாகத்தான் சுற்றும்; இதுவும் அப்படித்தான் சுற்றியது. அதோடு அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. திரும்பி வந்து தொலைபேசியை எடுத்தாள்.

"சார், புயல் இங்க இருக்கு. சமையற்கட்டுக்குப் பின்னால. இடுப்பு உயரம்."

"இடுப்பு உயரம்னா எத்தனை மீட்டர்?"

"தொண்ணூத்தி நாலு சென்டிமீட்டர் சார்."

கொஞ்ச நேரம் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. "ஒரு கிலோமீட்டருக்குக் கீழ அளவு போடுறதுக்கு நம்ம குறியீட்டுல கட்டமே இல்லையேம்மா. வலுவிழந்துருச்சுன்னு அறிவிச்சிரட்டுமா?"

"வலு குறையல சார். அளவுதான் குறைஞ்சிருக்கு."

"சரி. மூணு லட்சம் பேரு மண்டபத்துல கிடக்காங்க. வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

செண்பகவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கஸ்பார் கோழிக் கூடையை எடுத்துக்கொண்டு போய், புயலுக்கு அளவு சரியாக இருக்குமா என்று தூரத்திலிருந்து பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பலாம் சார்."

"நல்லது. அதை மறுபடியும் கடல்ல இறங்க மட்டும் விட்டுராதீங்க," என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

அதற்குள் ஊர் முழுக்கப் பின்பக்கம் கூடிவிட்டது. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். ரொம்ப தூரம் வந்திருக்கும் என்று இன்னொருத்தர் சொன்னார். கஸ்பாருக்கு வாசலில் வந்து இரைத்துக்கொண்டு நிற்கிற எதைப் பார்த்தாலும் தாகமாக இருக்கிறது என்றுதான் தோன்றும். அவர் ஒரு சட்டியில் கடல்தண்ணீரை மொண்டு, அடுப்பில் வைத்துக் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் வைத்தார். தண்ணீர் ஒரு கயிறுபோலத் திரிந்து எழும்பிப் புயலுக்குள் போனது. சட்டி காலியானது. பிறகு புயலின் மறுபக்கத்துக் கையிலிருந்து, துவைகல்லின்மேல், ஒரு முறம் அகலத்துக்கு மழை பெய்தது.

கஸ்பார் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் தொட்டு வைத்தார்.

"நல்ல தண்ணி," என்றார்.

கூடி நின்றவர்கள் கழுத்தை நீட்டித் துவைகல்லைப் பார்த்தார்கள். நாளுக்கு இரண்டு குடத்தில் பிறந்து, இரண்டு குடத்தில் குளித்து, இரண்டு குடத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். ஒரு பெண் ஓசைப்படாமல் போய் ஒரு குடத்தை எடுத்து வந்து துவைகல்லின்மேல் வைத்தாள்.

அப்போதுதான் கித்தேரி எழுந்து வந்தாள்.

"நல்ல தண்ணி குடுத்தா எல்லாம் சரியாப்போச்சா?" என்றாள். "என் வீட்டு ஆளக் கொண்டுபோன சாதியில்ல இது? இதுக்குச் சட்டியில வச்சு ஊட்டுறீரு, வெக்கமா இல்ல கஸ்பாரு?"

"மதினி, அது வேற புயல்..."

"எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுதான். பட்டினி போடுங்க. செத்துப் போகட்டும்."

செண்பகவல்லி அவள் பக்கத்தில் வந்தாள். "பட்டினி போட்டா அதுவே தண்ணியத் தேடிப் போயிரும்க்கா. இங்கருந்து நாப்பது எட்டு வச்சாக் கடல். உள்ள இறங்கிச்சுன்னா ரெண்டு நாள்ல பழைய அளவுக்கு வந்துரும். கடல் தண்ணியச் சுட வச்சுக் காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் குடுத்தா இதே அளவுல நிக்கும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

கித்தேரி புயலைப் பார்த்தாள். பிறகு குடம் வைத்த பெண்ணைப் பார்த்தாள். அவள் பின்னால் இன்னும் ஐந்து பேர் குடத்தோடு நின்றார்கள்.

"அப்ப நான்தான் ஊத்துவேன்," என்றாள். "ஒங்க ஒருத்தர் கையிலயும் அளவு நிக்காது. ஆசைக்கு ஊத்துவீங்க."

இப்படித்தான் புயலை வெறுத்தவளே அதற்குக் காவலானாள். ஊர் அதற்குச் சுழியன் என்று பெயர் வைத்தது. அந்த ஏதோ ஒரு நாடு வைத்த பெயரைவிட அது எல்லார் வாயிலும் சுலபமாக நுழைந்தது, ராகவேந்திரன் சார்கூட மாலையில் பேசும்போது, எண்களையெல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு, "சுழியன் சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார். கித்தேரி மட்டும் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. அவள் அதைச் சனியன் என்றாள். சனியனுக்குப் பசிக்குமே என்று விடிகாலையில் ஒன்றரை மைல் நடந்து வருவாள்.

ஒரு வாரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வந்துவிட்டது. குடித்தது இரண்டு குடம்தான் என்றாலும், காற்றிலிருந்த ஈரத்தையும் சேர்த்து இழுத்து அது நாளெல்லாம் பெய்தது. மழை பெய்கிற தெற்குக் கைக்கு அடியில் வீட்டு வரிசைப்படி குடம் வைக்க வேண்டும். காற்று மட்டும் வீசுகிற வடக்குக் கைக்குப் பக்கத்தில் கொடி கட்டித் துணி காயப்போடலாம், ஆனால் நாலு கிளிப்புக்குக் குறைந்தால் துணி கரைக்குப் போய்விடும். அடைமழைக் காலத்தில் அழுகிப்போகிற சீலா மீனும் நெத்திலியும் அந்தக் காற்றில் இரண்டு மணி நேரத்தில் கலகலவென்று காய்ந்தன. வலை பின்னுகிற வள்ளக்காரன் செல்சுவின் பிள்ளை, பிறந்து மூன்று மாதமாகத் தானும் தூங்காமல் தீவையும் தூங்கவிடாமல் அழுத பிள்ளை, ஒருநாள் தாயின் தோளிலிருந்து புயலின் கண்ணை எட்டிப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தியது. தாய் துணிந்து, புயலுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்த அண்டா வாய்க்குள் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். சுற்றிலும் நூற்றிருபத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓட, நடுவில் பிள்ளை மூன்று மணி நேரம் விரல் சப்பித் தூங்கியது. அதன்பின் பிள்ளைகளுக்கும் ஒரு வரிசை வந்தது. மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வருகிற சாமியார், இதை மந்திரிக்க வேண்டுமா விரட்ட வேண்டுமா என்று தெரியாமல், பொதுவாகக் கொஞ்சம் தீர்த்தம் தெளித்தார். சுழியன் அதைக் குடித்துவிட்டு அவர் தலையிலேயே திரும்பப் பெய்தது. "சரி, ஆளுக்கு ஆள் ஆசீர்வாதம் பண்ணியாச்சு," என்று அவர் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். கோயிலுக்குப் பின்னால், கட்டிய நாளிலிருந்து நிரம்பியே அறியாத ஒரு தொட்டி இருந்தது. குடம் குடமாகச் சுமந்து ஊற்றியதில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அது விளிம்பு தட்டியது. ஊரே சுற்றி நின்று அதில் முகம் பார்த்தது.

செண்பகவல்லி விடிகாலை ஐந்தரைக்கு வெப்பமானி பார்க்கப் போகும்போது தினமும் ஒரு குரல் கேட்கும். கித்தேரி குடத்தைச் சாய்த்துக்கொண்டே புயலிடம் கேட்பாள்:

"எங்கடா வச்சிருக்க அவர?"

சுழியன் குடித்துக்கொண்டிருக்கும். புயல்களுக்குப் பேச்சு வராது. கித்தேரியும் பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள். குடத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "குடிக்க மட்டும் தெரியுது," என்று போய்விடுவாள்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் அந்தக் குரல் கேட்கவில்லை. செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். அளந்துதான் ஊற்றினாலும், தீனி தவறாமல் கிடைத்ததில் சுழியன் அப்போது நெஞ்சுயரம் ஆகியிருந்தது. கண்ணும் ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு விரிந்திருந்தது. கித்தேரி சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, மழைக்கை கடந்துபோன இடைவெளியில் ஒரே எட்டில் உள்ளே போனாள். உள்ளே உட்கார்ந்தாள். முழங்காலில் தலையை வைத்தாள். எட்டரைக்கு மழைமானியைப் பார்க்கச் செண்பகவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். கஸ்பார் பாத்திரம் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்குத்தான் கித்தேரி வெளியே வந்தாள், கன்னத்தில் சேலைக்கரையின் அச்சோடு.

"நான் இப்படித் தூங்கிப் பதினொரு வருசம் ஆச்சு," என்றாள். பிறகு கேட்டாள்: "உள்ள ஒரு சத்தமும் இல்ல ஆபீஸரம்மா. அவருக்கும் இப்படிக் கொஞ்ச நேரமாவது கெடைச்சிருக்குமா?"

செண்பகவல்லி ஆறுதலுக்குக்கூட அளக்காத ஒன்றைச் சொல்லிப் பழகாதவள். "தெரியலக்கா," என்றாள். "ஆனா பெரிய புயல் எதுக்கும் நடுவுல இது உண்டு. அது நிச்சயம்."

கித்தேரி தலையாட்டினாள். கஸ்பார் கொண்டுவந்த சாயாவை வாங்கிக் குடித்தாள்.

தை பிறந்து இரண்டாம் நாள் செல்சு ஒரு காரியம் செய்தான். அவன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிக் கரையிலிருந்து நூறு பேர் வருவதாக இருந்தது. தண்ணீர் நிறைய வேண்டும் என்று, மத்தியானம் கித்தேரி இல்லாத நேரம் பார்த்து, நாலு குடம் சேர்ந்தாற்போல் ஊற்றிவிட்டான். சுழியன் எழும்பியது. கூரை உயரத்துக்கு எழும்பியது. பப்பாளி மரத்தை வேரோடு பிடுங்கி, இரண்டு குடையையும் கஸ்பாரின் கொடித் துணியையும் எடுத்துக்கொண்டு, நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. கஸ்பாரின் கைலி கொடிமரத்தின் உச்சியில் போய்ப் பறந்தது. கஸ்பார் சமையற்கட்டு மேசைக்கு அடியிலிருந்துகொண்டு, "கைலி போனாப் போகட்டும், கதவச் சாத்துங்க!" என்று கத்தினார். இரண்டு நாள் ஒரு சொட்டுக் கொடுக்காமல், முப்பத்தொரு வீட்டு ஆண்களும் கடல்பக்கம் தார்ப்பாய் கட்டி மறித்து நின்ற பிறகுதான் அது நெஞ்சுயரத்துக்கு இறங்கியது. செல்சு கித்தேரியின் கண்ணில் படாமல் ஒரு வாரம் உடைமரங்களுக்குள் சுற்றினான்.

அந்த வாரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செண்பகவல்லி ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் விரித்தாள். நாலு வருடம் வாளி இறக்கி எழுதிய கடல் சூடு அதில் இருந்தது.

"இப்ப இருபத்தஞ்சு டிகிரி. அதனாலதான் நாம சுட வச்சுக் குடுத்தாத்தான் குடிக்குது. மாசியில இருபத்தேழு ஆகும். சித்திரையில முப்பது. அப்பக் குடமும் வேண்டாம், அளவும் வேண்டாம். கடல்லருந்து வர்ற ஈரக்காத்தே அதுக்குச் சாப்பாடு. நாலு குடத்துக்கே கூரை உயரம் வந்துச்சு. சித்திரையில எவ்வளவு வரும்னு என்னால கணக்குப் பண்ண முடியும். பண்ணிப் பாத்தேன். இந்தத் தீவு தாங்காது. கரையும் தாங்காது."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"தரைக்குக் கொண்டுபோகணும். கடல விட்டு உள்ள போனா எந்தப் புயலும் மழையாப் பேஞ்சு தீர்ந்துரும். எங்க ஊர்ல மூணு வருசமா மழை இல்ல."

முற்றத்தில் சத்தம் எழுந்தது. நல்ல தண்ணீரைக் கண்ட பிறகு மறுபடியும் இரண்டு குடமா என்று பெண்கள் கேட்டார்கள். பிள்ளை எங்கே தூங்கும் என்று செல்சுவின் மனைவி கேட்டாள். அது நம்மை நம்பி வந்தது, நாமே அழைத்துக்கொண்டு போய்த் தீர்த்துவிடுவதா என்று ஒரு கிழவர் கேட்டார். கடைசியில் எல்லாரும் கித்தேரியைப் பார்த்தார்கள். போகட்டும் சனியன் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள்.

கித்தேரி சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். ஊர் அதை முதல் தடவையாகப் பார்த்தது.

"இது வளந்தா என்னவாகும்னு எனக்குத் தெரியும்," என்றாள். "வளந்ததப் பாத்தவ நானு. இப்ப இதால ஒரு பாவமும் இல்ல. ஒண்ணும் பண்ணாம இருக்கும்போதே போயிரட்டும். நாளைக்கு எவளாவது ஒருத்தி கரையில நின்னு இதத் திட்டக் கூடாது." மூக்கைச் சிந்தினாள். "தொட்டி நெறைய இருக்கு. மழைக்காலம் வரைக்கும் வரும். செல்சு, ஒன் வள்ளத்த எடு. ஊத்துனவன் நீதான."

வள்ளத்தில் மீன் போடுகிற குழிக்குள் கரையிலிருந்து வரவழைத்த ஐஸ் பாளங்களை அடுக்கினார்கள். குளிரில் புயல் அடங்கிக் கிடக்கும் என்று செண்பகவல்லி சொன்னாள். காலை ஏழு மணிக்குக் கஸ்பார் சுடுதண்ணீர்ச் சட்டியை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்க, தழைக்குப் பின்னால் ஆடு வருவதுபோலச் சுழியன் நாற்பது எட்டு நடந்து வந்து, பலகை வழியாக ஏறி, ஐஸ் குழிக்குள் இறங்கியது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. செல்சுவின் பிள்ளை அழுதது. கித்தேரியும் செண்பகவல்லியும் கஸ்பாரும் வள்ளத்தில் ஏறிக்கொள்ள, செல்சு இன்ஜினைத் தட்டினான்.

பாதி வழி ஒன்றும் ஆகவில்லை. நடுக்கடலில் ஒரு மணல்திட்டு உண்டு. அதன்மேல் தண்ணீர் இடுப்பளவுதான். வெயில் ஏறியதும் அந்தத் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். சுற்றிப் போயிருக்க வேண்டும். செல்சு கித்தேரியின் பார்வையிலிருந்து சீக்கிரம் தப்பிக்கிற அவசரத்தில் நேராக விட்டான். செண்பகவல்லி வாளியை இறக்கி எடுத்தாள்.

"இருபத்தெட்டு! செல்சு, திருப்புங்க!"

அதற்குள் சுழியனுக்கு வாசனை தெரிந்துவிட்டது. வள்ளத்தின் இரண்டு பக்கமும் கடல் கயிறு கயிறாக எழும்பி உள்ளே வந்தது. ஐஸ் பாளங்கள் பட்பட்டென்று வெடித்தன. குழிக்குள்ளிருந்து அது தோளுயரம் வந்தது, ஆளுயரம் வந்தது, வள்ளம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. செல்சு சுக்கானைக் கட்டிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான். கஸ்பார், "தள்ளிவிட்டுருவோம் மதினி, கடல்ல தள்ளிவிட்டுருவோம்!" என்று கத்தினார். தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். பயத்தில் வாய் அதைத்தான் சொன்னது.

கித்தேரி எழுந்தாள். கையால் முகத்தை மறைத்துக்கொண்டு காற்றுக்குள் போனாள். காற்று அவளைக் கீழே தள்ளியது, தவழ்ந்து போனாள், கண்ணுக்குள் போய்ச் சேர்ந்து, நனைந்த ஐஸின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வெளியே இருந்த மூன்று பேருக்கும் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. அவள் திட்டவில்லை.

"சுழியா," என்றாள். "போதும்டா. உக்காரு."

எழுபது நாளில் அவள் அந்தப் பெயரைச் சொன்னது அப்போதுதான். சுழியன் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது, மூன்றாவது சுற்றில் தடுமாறியது. கடல் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன. அது குழிக்குள் இறங்கி, அவள் மடி உயரத்துக்கு வந்து, அவளைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. செல்சு வள்ளத்தைத் திருப்பி ஆழத்துக்கு விட்டான். கரை சேரும்வரை கித்தேரி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்; ஐஸில் கால் மரத்து, கடைசியில் இரண்டு பேர் தூக்கித்தான் அவளை இறக்க வேண்டியிருந்தது.

கரையில் செண்பகவல்லியின் அண்ணன் சுந்தரவேலு மினிலாரியோடு காத்திருந்தார். அவள் முதலில் போனை எடுத்தாள்.

"சார், புயல் பதினொண்ணே முக்காலுக்குக் கரையக் கடந்துருச்சு."

"எழுபத்தோரு நாள் லேட்டும்மா," என்றார் ராகவேந்திரன் சார். "சேதம்?"

"ஒரு பப்பாளி மரம், ரெண்டு குடை சார். கைலி கெடைச்சிருச்சு."

மறுமுனையில் பேனா காகிதத்தில் ஓடியது. "நல்லபடியாக் கொண்டுபோய்ச் சேருங்க," என்றார்.

தார்ச்சாலையில் மினிலாரி போகப் போக அதன் பின்னால் சாலை மட்டும் நனைந்துகொண்டே வந்தது. வரகம்பட்டிக்காரர்கள் ஊருக்கு வெளியே கூடி நின்றார்கள். புயல் வருகிறது என்று கேள்விப்பட்டபோது அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, யார் காட்டில் முதலில் இறக்குவது என்பதுதான். பருத்திக்காரர்கள் ஒரு பக்கம், உளுந்துக்காரர்கள் ஒரு பக்கம் நின்று அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். சுந்தரவேலு லாரியின்மேல் ஏறி நின்று, கண்மாயைச் சுற்றி ஓட்டினால் எல்லார் காட்டுத் தண்ணீரும் கண்மாய்க்குத்தானே வந்து சேரும் என்றார். அதை யாரும் மறுக்க முடியவில்லை. வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த கரிசல் ஓரமாக லாரி மெதுவாகப் போனது, பின்னால் பலகையில் உட்கார்ந்து கித்தேரி ஒரு கையைச் சுழியனின்மேல் வைத்திருந்தாள், அது பெய்தது. முதல் சுற்றில் கைகள் நீண்டு காடுகளின்மேல் பெய்தது. இரண்டாவது சுற்றில் பாதியாகக் குறைந்தது. ஊர்ப்பெண்கள் நனைந்துகொண்டே லாரிக்குப் பின்னால் ஓடி வந்து, "அக்கா, எங்க தெருப்பக்கம் ஒரு தடவை!" என்று கேட்டார்கள், கித்தேரி ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் தட்டி அந்தத் தெருவுக்கும் விடச் சொன்னாள். சாயங்காலம் கண்மாய்க் கரையில் லாரி நின்றபோது அது ஒரு தட்டு அளவு இருந்தது. கித்தேரி அதைச் சேலைத் தலைப்பில் ஏந்திக் கீழே இறக்கி விட்டாள். அவள் பாதத்தைச் சுற்றி ஒருமுறை ஓடியது. விரல்கள் நனைந்தன. பிறகு அது இல்லை; வானம் முழுக்க மேகம் இருந்தது, மழை எல்லார் மேலும் ஒன்றுபோலப் பெய்துகொண்டிருந்தது.

கித்தேரி அழவில்லை. சுந்தரவேலு வீட்டில் கம்பங்கஞ்சி குடித்துவிட்டு, அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

விடிந்ததும் ஒரு சத்தம் அவளை எழுப்பியது. ஆயிரம் கதவுகள் எண்ணெய் இல்லாமல் திறந்து மூடுவதுபோன்ற சத்தம். அவள் செண்பகவல்லியை இழுத்துக்கொண்டு கண்மாய்க்கு ஓடினாள். முழங்கால் தண்ணீர் நின்றது. அதில் மஞ்சளும் பச்சையுமாக, தொண்டையைப் பலூன்போல ஊதிக்கொண்டு, எண்ணமுடியாத தவளைகள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. உப்புத் தீவில் பிறந்தவள் தவளையைப் பார்த்ததில்லை.

"என்னது ஆபீஸரம்மா இது? ராத்திரியோட ராத்திரியா எங்கருந்து வந்துச்சு?"

"எங்கருந்தும் வரலக்கா. இங்கதான் மண்ணுக்குள்ள கெடந்துச்சு. மூணு வருசமா."

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

கித்தேரி செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். இவள் அளக்காமல் ஒன்றும் சொல்லமாட்டாளே என்று பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முடியாமல் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள், தவளைகள் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடியும் அவளோடு சேர்ந்துகொண்டன. கரையில் வயலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கித்தேரி சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்மாய்க்குள் இறங்கினாள்.